போருக்கே போகாத போர்க்கப்பல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரஷ்யக் கடற்படையின் தொடக்ககாலம் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். 1700இல் மகா பீட்டர் தானே வடிவமைத்த ‘கோத்தோ பிரெதெஸ்தினாத்சியா’ என்ற 58 பீரங்கிக் கப்பலை ரஷ்யர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அது ஒரு கடற்போரில்கூடக் கலந்துகொள்ளவில்லை. 1711இல் எதிரியான துருக்கியிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. கடலே இல்லாத வரோனிஷ் நகரில் இவ்வளவு பெரிய கப்பலைக் கட்டியது ஒரு அரசரின் வீண் ஆசைதானே? அங்கே இப்போது நிற்பது பழைய கப்பல்தானா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

வீண் ஆசை என்று நான் நினைக்கவில்லை. அந்த ஊரை பீட்டர் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. பால்டிக் கரை அப்போது சுவீடன் வசம், கருங்கடல் துருக்கி வசம். 1695இல், தோன் நதி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருந்த துருக்கியின் அசோவ் கோட்டையை முற்றுகையிட்டுத் தோற்றார். கடல் வழியாகக் கோட்டைக்கு உதவி வருவதைத் தடுக்க அவரிடம் கப்பல் இல்லை. அடுத்த ஆண்டு வரோனிஷில் துடுப்புக் கப்பல்களைக் கட்டி, தோன் நதி வழியே இறக்கி, கோட்டையைப் பிடித்தார். ஓக் காடும், தெற்கே கடலை நோக்கி ஓடும் ஆறும் ஒரே இடத்தில் இருந்தது அங்கேதான்.

ஆனால் அங்கிருந்து கடலுக்கு ஆற்றில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் போகவேண்டும். வழியெல்லாம் மணல் திட்டு, முகத்துவாரமும் ஆழமில்லாதது. அதைத் தாண்டினாலும் அசோவ் கடலின் மிக ஆழமான இடமே சுமார் 14 மீட்டர்தான். ஹாலந்துக் கப்பலையோ இங்கிலாந்துக் கப்பலையோ பார்த்து அப்படியே கட்டியிருந்தால் அது ஆற்றிலேயே தரைதட்டி நின்றிருக்கும்.

இந்தக் கப்பல் எனக்குப் பிடிப்பது அதனால்தான். நீளம் சுமார் 36 மீட்டர், அகலம் ஒன்பதரை. உடல் தட்டையாக, தண்ணீரில் அதிகம் அமிழாதபடி அமைந்தது. அதிலும் கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் அடிக்கட்டையைக் கவனிக்கவேண்டும். உடலோடு இணைந்த கட்டைக்குக் கீழே தனியாக இன்னொரு கட்டையைப் பொருத்தினார்கள். தரைதட்டினால் கீழ்க்கட்டை மட்டும் பிய்ந்துபோகும், கப்பலுக்குள் தண்ணீர் புகாது. இது தோன் நதியின் மணலை மனதில் வைத்து யோசித்தவர்களின் வேலை. இவ்வளவு ஆழம் குறைந்த உடலின் மேல் 58 பீரங்கிகளை ஏற்றியது சாதாரணக் காரியமில்லை.

பீட்டருக்கு இந்த அறிவு எங்கிருந்து வந்தது? 1697இல் ஆம்ஸ்டர்டாமில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தளத்தில் தச்சராக வேலை பார்த்தார். அங்கிருந்த ஆசான்கள் கைப்பழக்கத்தால் கட்டினார்களே தவிர, வரைபடமும் கணக்கும் வைத்துக் கற்றுக்கொடுக்க அவர்களால் முடியவில்லை. அந்த ஏமாற்றத்தை 1720இல் வந்த கடற்படைச் சட்டத்தின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். அதனால்தான் இங்கிலாந்துக்குப் போனார். திரும்பி வந்த சில மாதங்களில், 1698 நவம்பரில், இந்தக் கப்பலுக்கு அடிக்கட்டை போட்டார். அவர் ஊரில் இல்லாத நாட்களில் ஃபெதோசி ஸ்க்லியாயெவ், லுக்யான் வெரெஷ்சாகின் என்ற இரண்டு ரஷ்யர்கள் வேலையை நடத்தினார்கள். 1700 ஏப்ரலில் கப்பல் தண்ணீரில் இறங்கியது.

அப்புறம் ஏன் போருக்குப் போகவில்லை? அந்த ஜூலையிலேயே துருக்கியோடு சமாதான ஒப்பந்தம் ஆனது. ஆகஸ்டில் சுவீடனோடு போர் தொடங்கியது. இந்தக் கப்பல் எந்தக் கடலுக்காகக் கட்டப்பட்டதோ அங்கே சண்டையே இல்லை. மறுபடி துருக்கியோடு போர் மூண்டு, 1711இல் ப்ரூத் நதிக்கரையில் பீட்டரின் படை சுற்றிவளைக்கப்பட்டது. அசோவைத் திருப்பிக் கொடுத்து, அசோவ் கடற்கரையிலிருந்த டகன்ரோக் கோட்டையை இடிக்கவேண்டிய நிலை வந்தது. கடல் கைவிட்டுப் போனபின் கப்பலை வைத்து என்ன செய்ய முடியும்? அது துருக்கிக்குப் போனது நிலத்தில் நேர்ந்த தோல்வியால். கப்பலின் குறை அதில் எதுவுமில்லை.

‘வீண்’ என்ற உங்கள் சொல் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. நிலவுடைமையாளர்களும் மடங்களும் கூட்டுச் சேர்ந்து கப்பல் கட்டித் தரவேண்டும் என்று பீட்டர் ஆணையிட்டார். பத்தாயிரம் குடியானவர் வீடுகளுக்கு ஒரு கப்பல், மடத்து நிலமென்றால் எட்டாயிரத்துக்கு ஒன்று. காயாத மரத்தில் அவசர அவசரமாகக் கட்டியதால் அவற்றில் பலவும் கடலுக்கு லாயக்கில்லாமல் போயின. அந்தச் சுமை முழுக்கக் குடியானவன் தலையில் விழுந்தது. பனியில் மரம் வெட்டப் பிடித்துவரப்பட்டவர்களை மறந்துவிட்டு இந்தக் கடற்படையைப் பாராட்ட என்னால் முடியாது.

ஆனால் பிரெதெஸ்தினாத்சியா அந்தக் கணக்கில் வராது. அதைக் கட்டிய கைகள் அடுத்து எங்கே போயின என்று பாருங்கள். 1712இல் பீட்டர்ஸ்பர்க்கில் இறங்கிய முதல் பெரிய போர்க்கப்பல் ‘பொல்தாவா’. பீட்டரோடு சேர்ந்து அதைக் கட்டியவர் அதே ஸ்க்லியாயெவ். 1716இல் பீட்டர் ‘இங்கர்மன்லாந்த்’ கப்பலில் கொடியேற்றி ரஷ்ய, டேனிஷ், டச்சு, ஆங்கிலக் கப்பல்களை ஒன்றாக வழிநடத்தினார். அதன் வடிவமைப்பிலும் அவர் கை உண்டு. வரோனிஷில் பழகாமல் பால்டிக்கில் இதைச் சாதித்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

சரி, வரோனிஷில் நிற்கும் கப்பல். அது பழைய கப்பல் இல்லை, 2014இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகக் கப்பல். டச்சுக் கலைஞர் அட்ரியான் ஸ்கோனபேக் அந்தக் காலத்திலேயே செய்த செதுக்கோவியங்களைப் பார்த்து வெளித்தோற்றத்தை அமைத்திருக்கிறார்கள். பின்புற அலங்காரத்தையும் பாய்மரங்களையும் பார்க்க அது நல்ல இடம். ஆனால் செதுக்கோவியங்களில் தெரிவது தண்ணீருக்கு மேலே உள்ள பகுதிதான், நான் சொன்ன அடிக்கட்டை அவற்றில் தெரியாது.