சிலம்பம் பழகும்போது தூணைப் பிடித்துக்கொள்ளலாமா?

கும்பகோணம் பக்கம் சிலம்பம் பழகும் ஒருவரின் கேள்வி: ஒற்றைக்காலில் திரும்பும்போது தடுமாறுகிறது, தூணையோ சுவரையோ பிடித்துப் பழகினால் அதுவே பழக்கமாகிவிடுமா?

தாராளமாகப் பழகலாம், இறுகப் பிடிக்காதவரை. விரல்நுனி மட்டும் திண்ணைத் தூணில் படட்டும். 100 கிராம் எடைக்கும் குறைவான அழுத்தம் போதும். அந்தத் தொடுகை உடம்பைத் தாங்காது. எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை மூளைக்கு உடனே சொல்லும், கணுக்கால் அதற்கேற்பத் திருத்திக்கொள்ளும். இறுகப் பிடித்தால் எடை கைக்குப் போய்விடும், கால் ஒன்றும் கற்காது. ஆட்டம் குறைந்ததும் கையை எடுத்துவிட்டு, கண்ணைத் தூணில் ஒரே புள்ளியில் நிறுத்திப் பாருங்கள்.

கம்பை ஊன்றி நிற்பதும் நல்லதுதான், ஊன்றும் பரப்பு அகலமாகிறது.

அப்புறம் வயல் வரப்பு. நம் டெல்டாவில் இதைவிட நல்ல பயிற்சி இடம் கிடையாது என்பேன். குறுகிய வரப்பில் காலடி எடுத்து வைக்கும்போது இடுப்பைத் தாழ்த்தி, பாதத்தை அளந்து வைத்தே ஆகவேண்டும். சம்பா அறுவடை முடிந்து வரப்பு காய்ந்திருக்கும்போது செய்யுங்கள். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் அணை திறந்து வயலுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் களிமண் வழுக்கும். பாசி பிடித்த படித்துறைப் படிகளில் மட்டும் வேண்டவே வேண்டாம், விழுந்தால் தலையில்தான் அடிபடும்.