ஜீப்புக்கு எந்த ஹெட்லைட் பல்பு? பெங்களூரு நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

வண்டி, வருடம், இப்போது இருக்கிற பல்பு மூன்றையும் எழுதிக் கேளுங்கள். பல்பு ஹோல்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளந்துவிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

அல்சூர், 2015 மஹிந்திரா தார்: ஒசூர் தாண்டி ராயக்கோட்டை ரோட்டில் போனால் லைட் எரிகிறதா என்றே சந்தேகம் வருகிறது அண்ணே. 100/90 பல்பு போடலாமா?

வேண்டாம் தம்பி. உங்கள் வண்டிக்கு எச்4 (டிம், பிரைட் இரண்டும் ஒரே பல்பில்), 60/55 வாட், அதாவது பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55. முதலில் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். எஞ்சின் ஓடட்டும், லைட் எரியட்டும். பேட்டரியில் 14 வோல்ட் அருகே காட்டும். அப்புறம் பல்பைக் கழற்றாமல் ஹோல்டரின் பின்பக்கம் ஒயர் நுழையும் இடத்தில் ஊசியைக் குத்தி அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் குற்றம் பல்பில் இல்லை. ஹாலஜனில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும்.

100/90 போட்டால் என்ன ஆகும்? பிரைட்டில் இரண்டு பல்புக்கும் சேர்த்துச் சுமார் 17 ஆம்பியர். கம்பெனி ஒயர் 10 ஆம்பியரை மனதில் வைத்துப் போட்டது. ஒயர் சுடும், வோல்ட் இன்னும் இறங்கும், கடைசியில் ஹோல்டர் உருகும். அப்படி உருகினால் பல்பின் மூன்று காலிலும் பழுப்புப் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு வரும், ஹோல்டரை வெட்டித்தான் எடுக்க வேண்டும். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சும் சூட்டில் கருகும். ரோட்டுக்கு அங்கீகாரம் உள்ள எச்4 60/55 மட்டும்தான்.

செய்ய வேண்டியது ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நல்ல தடிமனான ஒயர் ரிலேயின் 30-ம் நம்பர் காலுக்கு, 87-லிருந்து பல்புக்கு. பழைய ஹோல்டரில் வரும் கரண்ட் 85, 86 வழியாக ரிலேயை இழுக்க மட்டும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. எர்த்தைத் துருப்பிடித்த பாடியில் கொடுக்காமல் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள்.

அதே அல்சூர் நண்பர்: அளந்தேன் அண்ணே. பேட்டரியில் 14.1, ஹோல்டரில் 12.3.

1.8 வோல்ட் வழியிலேயே போகிறது. வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகப் போகிறது என்று அர்த்தம். ரிலே போட்டு அதே 60/55 பல்பை மாட்டுங்கள், வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

ஒயிட்ஃபீல்டு, ஜிம்னி ஆல்பா: எந்த பல்பு நல்லது?

ஆல்பாவில் இருப்பது எல்.இ.டி. புரொஜெக்டர். கழற்றி மாட்டும் பல்பு கிடையாது. சர்வீஸில் லெவல் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஈஜிபுரா, பொலேரோ: பெட்டியில் 'பிளஸ் 130', 'பிளஸ் 150' என்று போட்டிருக்கிறதே, உண்மையா?

பாதி உண்மை. அந்தக் கணக்கு ரோட்டில் குறிப்பிட்ட ஒரு பகுதியில் விழும் வெளிச்சத்துக்கு, மொத்தத்துக்கு அல்ல. வாட் அதேதான், இழையைச் சூடாக எரிய விடுகிறார்கள். அதனால் சீக்கிரம் போய்விடும். மாதம் ஒருமுறை இரவில் ஊருக்குப் போகிறவர் தாராளமாகப் போடலாம், தினமும் ஓட்டுகிறவருக்குச் சாதா பல்பே போதும். நீலக் கண்ணாடி உள்ளதை வாங்காதீர்கள், அந்தப் பூச்சு வெளிச்சத்தைத் தின்னும். மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக் கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடாகி பல்பு சீக்கிரம் போகும்.

சிவாஜிநகர், 2012 ஜிப்ஸி: 100/90 போடலாமா?

முதல் பதிலைப் படியுங்கள் சார். வோல்ட்டை அளந்து பாருங்கள்.

ராமமூர்த்தி நகர், 2018 தார்: ஜே.சி. ரோட்டில் எல்.இ.டி. பல்பு வாங்கி எச்4 இடத்தில் அப்படியே மாட்டினேன். பகல் மாதிரி இருக்கிறது. நீங்கள் ஏன் எப்போதும் வேண்டாம் என்கிறீர்கள்?

ஒரு எச்4 பல்பை எடுத்து உள்ளே பாருங்கள். இரண்டு இழை இருக்கும். நுனிப்பக்கம் இருக்கும் டிம் இழைக்கு அடியில் கரண்டி போல் குழிந்த சின்னத் தகடு. கீழே போகும் ஒளியை அது மறைக்கிறது. ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டும் வேலை செய்து வெளிச்சத்தை ரோட்டில் இறக்குகிறது. மெல்லிய இழை எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த ரிஃப்ளெக்டரைச் செய்தார்கள். உங்கள் எல்.இ.டி.யில் சிப்புகள் ஒரு பட்டையின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. இடம் கொஞ்சம் தள்ளினாலும் ஒளி மேலே சிதறும். வண்டிக்கு முன்னால் பளீரென்று தெரிவதால் உங்கள் கண் பாப்பா சுருங்கி, தூரத்தில் நிற்கும் மாடு தெரியாமல் போகும். பகல் மாதிரி என்று நீங்கள் சொல்வது முன்னால் இருக்கும் பத்தடியைத்தான்.

அதே நண்பர்: எதிரே வருகிற லாரி, பஸ், கார் எல்லாம் பிரைட்டில்தான் வருகிறது. நான் மட்டும் மங்கலாக வைத்துக்கொண்டு சாக வேண்டுமா?

ஹெப்பால், பைக்: நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். தினமும் இரவு பைக்கில் வீடு திரும்புகிறேன். இந்த வெள்ளை லைட் ஜீப் எதிரே வந்தால் ரோட்டின் ஓரமே தெரிவதில்லை. போன வாரம் மணலில் இறங்கிவிட்டேன்.

கே.ஆர். புரம், ஸ்கார்பியோ: பைக்காரர்களும்தானே எல்.இ.டி. போடுகிறார்கள்?

போடுகிறார்கள், அதுவும் தப்புதான். ஆனால் ஜீப்பின் விளக்கு இருக்கிற உயரம் வேறு. கார் ஓட்டுகிறவரின் கண்ணாடிக்கும், பைக்காரரின் கண்ணுக்கும் நேராக அடிக்கும். எதிரே வரும் லாரிக்காரருக்குக் கண் கூசினால் அவர் எந்தப் பக்கம் வருவார்? உங்கள் பக்கம்தான். அதனால் இதை மற்றவருக்குச் செய்யும் உபகாரமாக நினைக்காதீர்கள், உங்கள் உயிர்க்காரியம். 2024 ஜூலையிலிருந்து கர்நாடக போலீஸ் கண் கூசும் லைட்டுக்கு வழக்குப் போடுகிறது, அது வேறு செலவு. ராமமூர்த்தி நகர் தம்பி, அந்த பல்பைக் கழற்றி ரிலேயோடு ஹாலஜன் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். பிறகும் சண்டை போடத் தோன்றினால் வாருங்கள், பேசலாம்.

பன்னேர்கட்டா ரோடு, பழைய தார்: வெளிநாட்டு ஏழு இஞ்ச் வட்ட எல்.இ.டி. விளக்கு முழுதாகவே மாற்றலாமா?

பல்பு மட்டும் மாற்றுவதைவிட இது சரியான வழி, ஆனால் இடப்பக்கப் போக்குவரத்துக்குச் செய்த விளக்காக இருக்க வேண்டும். அமெரிக்காவுக்குச் செய்தது வலப்பக்கம் தூக்கி அடிக்கும், அங்கேதான் நமக்கு எதிர் வண்டி வரும். சுவரில் அடித்துப் பாருங்கள். டிம்மில் வெளிச்சத்தின் மேல் விளிம்பு இடப்பக்கம் ஏறினால் வாங்கலாம். வலப்பக்கம் ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஜே.பி. நகர், லிஃப்ட் கிட் போட்ட தார்: லெவல் எப்படிப் பார்ப்பது?

வண்டியை உயர்த்தியவர் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி. டயர் காற்று சரியாக இருக்கட்டும், ஒருவர் சீட்டில் உட்காரட்டும். சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறியுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் குறிக்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். திருகு விளக்கின் ஓரத்திலேயே இருக்கும்.

கோரமங்களா: நந்தி மலைப் பனிக்கு மஞ்சள் பல்பு?

மஞ்சள் கண்ணுக்கு இதம், அவ்வளவுதான். பனியில் டிம்மும் கீழே மாட்டிய ஃபாக் லைட்டும் போதும். பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

மடிவாளா, 2014 தார்: 100/90...

வோல்ட்.

இந்திராநகர், சஃபாரி: விளக்கின் முகமே மஞ்சளித்துவிட்டது. எந்த பல்பு?

எந்த பல்பும் வேண்டாம். அது பிளாஸ்டிக், வெயிலில் மேல்பூச்சு போயிருக்கிறது. தண்ணீர் விட்டு 1000, 2000, 3000 நம்பர் உப்புத்தாளால் வரிசையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, யூ.வி. கோட்டிங் அடிக்க வேண்டும். கோட்டிங் இல்லாமல் விட்டால் சில மாதத்தில் பழையபடி ஆகிவிடும்.

எலெக்ட்ரானிக் சிட்டி: கூரை மேல் லைட் பார்?

காட்டுப் பாதைக்கு மட்டும். ரோட்டுக்கு வந்ததும் மூடி போட்டுவிடுங்கள்.