கால் விரல் மரத்துப்போவது வயதாலா, மாத்திரையாலா?

கேள்வி: டாக்டர், எனக்கு 54 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. மூப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்ற ஆசையில் இரண்டு வருடமாகச் சில மாத்திரைகள் சாப்பிடுகிறேன். மல்டிவைட்டமின், பி காம்ப்ளெக்ஸ், முடிக்குப் பயோட்டின், வைட்டமின் ஈ, ரெஸ்வெரட்ரால், என்.எம்.என்., தூக்கத்துக்கு ஒரு மெக்னீசியம் மாத்திரை. தெம்பாகத்தான் இருக்கிறேன். ஆனால் நாலைந்து மாதமாகக் கால் விரல்கள் மரத்த மாதிரி இருக்கின்றன. இரவில் குறுகுறுப்பு வேறு. வயது வேலையைக் காட்டத் தொடங்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. இன்னும் எதைச் சேர்த்தால் நல்லது?
– ஒரு வாசகி

பதில்: எதையும் சேர்க்க வேண்டாம், சகோதரி. கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, கால் விரல் மரத்த மாதிரி இருக்கிறதென்று, அதைப் படித்ததும் மற்றதெல்லாம் எனக்குப் பின்னால் போய்விட்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு வேலை செய்யுங்கள். உங்களிடம் இருக்கும் டப்பாக்களை எல்லாம் மேசையில் வரிசையாக வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பைரிடாக்ஸின் அல்லது வைட்டமின் பி6 என்ற பெயர் எத்தனை டப்பாவில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மல்டிவைட்டமினில் இருக்கும். பி காம்ப்ளெக்ஸில் கட்டாயம் இருக்கும், சில தயாரிப்புகளில் 50, 100 மில்லிகிராம்கூட இருக்கும். மெக்னீசியம் மாத்திரைகளிலும் பல நேரம் இதைச் சேர்த்துத்தான் விற்கிறார்கள். ஒரு நாளைக்கு நம் உடம்புக்குத் தேவைப்படுவதோ 2 மில்லிகிராமுக்கும் குறைவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பெரியவர்களுக்கான உச்ச அளவை 12 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. அமெரிக்காவில் அந்த அளவு இன்னும் 100 மில்லிகிராம்தான்.

பி6 நரம்புக்கு நல்லது என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதே பி6 மாதக்கணக்கில் அதிகமாகப் போனால் நரம்பைக் கெடுக்கும். அந்தக் கோளாறு பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்கும்: மரத்துப்போதல், குறுகுறுப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு. வயதாவதால் வந்தது என்று நீங்கள் நினைப்பது, வயதைத் தள்ளிப்போடச் சாப்பிட்ட மாத்திரையால் வந்திருக்கலாம். அதை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறவில்லை.

இதுதான் காரணம் என்று இங்கிருந்து உறுதியாகச் சொல்ல மாட்டேன். சர்க்கரை, பி12 குறைபாடு, தைராய்டு என்று வேறு காரணங்களும் உண்டு. இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், டப்பாக்களையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர்களை மட்டும் சொன்னால் போதாது, அளவு டப்பாவில்தான் இருக்கிறது. பி6 இருக்கும் மாத்திரைகளை இன்றே நிறுத்திவிடுங்கள். நிறுத்திய பிறகும் சில வாரம் குறுகுறுப்பு கூடுவது போலத் தோன்றலாம், பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு மாதங்கள் போகப் போகக் குறைந்துவிடும்.

அப்புறம் பயோட்டின். ரத்தப் பரிசோதனைக்குப் போகும் முன் இதையும் நிறுத்த வேண்டும், எத்தனை நாள் முன்பு என்று பரிசோதனைக் கூடத்தில் கேளுங்கள். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் அன்றாடத் தேவையைப் போல நூறு மடங்குக்கும் மேலே இருக்கும். அது சில சோதனை முறைகளைக் குழப்பி, நன்றாக இருக்கும் தைராய்டைக்கூட மிகையாக வேலை செய்வதாகக் காட்டிவிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை தவறாக வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-இல் எச்சரித்திருக்கிறது. இல்லாத நோய்க்கு மருந்தும், இருக்கும் நோய்க்கு ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலும் உங்களுக்குக் கிடைக்கக் கூடாது.

சரி, மற்றவற்றுக்கு வருகிறேன். உடம்புக்குள் உருவாகிச் செல்களைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ராடிக்கல்கள்தான் நம்மை மூப்படைய வைக்கின்றன என்று டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1956-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அவற்றை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்களை விழுங்கினால் போதுமே என்று உலகமே நம்பியது. நியாயமான நம்பிக்கைதான். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதித்தார்கள். கேரட்டில் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட்டான பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. வைட்டமின் ஈ-யும் அப்படித்தான். 35,000-க்கும் அதிகமான ஆண்களிடம் நடந்த சோதனையின் 2011 முடிவில், ஈ சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். நீங்கள் புகைப்பவரல்ல, ஆணுமல்ல என்பது சரிதான். ஆனால் ‘நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது’ என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே, அந்த நினைப்பை இந்த இரண்டு சோதனைகளும் உடைத்துவிட்டன.

திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால், ஈஸ்ட் என்ற நுண்ணுயிரின் ஆயுளைக் கூட்டியது என்று 2003-இல் செய்தி வந்தது. ஐந்தே வருடத்தில், அதை வைத்து மருந்து செய்ய முனைந்த நிறுவனம் 72 கோடி டாலருக்குக் கைமாறியது. பிறகு அமெரிக்க அரசின் ஆதரவில், சாதாரண எலிகளுக்கு ஆயுள் முழுக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை. என்.எம்.என். விஷயம் இன்னும் திறந்தே இருக்கிறது. செல்கள் சக்தி உண்டாக்கத் தேவைப்படும், வயதாக ஆகக் குறைவதாகச் சொல்லப்படும் என்.ஏ.டி. என்ற பொருளை அது ரத்தத்தில் கூட்டுகிறது, அது உண்மை. ஆனால் மனிதர்களிடம் நடந்தவை சில வாரங்கள், சில மாதங்கள் நீடித்த சிறிய சோதனைகள். மனிதருக்கு மூப்பு தள்ளிப்போனது என்று அவற்றில் எதுவும் காட்டவில்லை.

மாத்திரையே வேண்டாம் என்பவன் நான் இல்லை. பி12 குறைந்தவருக்கு அதைக் கொடுக்காமல் விடுவதுதான் தவறு. இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடாதவர்கள், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள், வயதானவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். குறை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கு மட்டும் சாப்பிடுங்கள்.

தெம்பாக இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தெம்பு போய்விடுமோ என்றுதான் மாத்திரைகளை விட மனம் வராது. அதற்காக ஒன்று சொல்கிறேன். 1990-இல் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேருக்கு, கால் தசைகளுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு வாரப் பயிற்சியை முடித்த ஒன்பது பேருக்குக் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அவர்களில் இரண்டு பேர் நடைக்கு வைத்திருந்த கைத்தடியையே விட்டுவிட்டார்கள்.

மருத்துவர் பாதத்தைப் பார்த்துச் சரி என்று சொன்னதும் தொடங்குங்கள். கைப்பிடி இல்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதம் மரத்திருப்பதால் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு மேசை இருக்கட்டும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, அரை நிமிடத்தில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணி, தேதியோடு எழுதிவையுங்கள். எட்டு வாரம் கழித்து மறுபடி எண்ணி, இரண்டு எண்களையும் ரத்தப் பரிசோதனை முடிவோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள். உங்கள் கடிதத்துக்காகக் காத்திருப்பேன்.