ஸ்டேக்கபிள் ஸ்விட்ச் வாங்கறதுக்கு முன்னாடி: கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் சார். கரூர்ல ஒரு டெக்ஸ்டைல் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல சிஸ்டம் அட்மினா இருக்கேன். நூத்துக்கு மேல போர்ட் வேணும், 48 போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச் மூணு வாங்கி ஸ்டேக் பண்ணிடலாம்னு (மூணையும் சேத்து ஒரே ஸ்விட்ச் மாதிரி ஓட்டலாம்னு) இருக்கேன். ரெண்டு வெண்டர் கொட்டேஷன் குடுத்தாங்க, ரெண்டுலயும் ஸ்டேக்கபிள்னு தான் போட்டிருக்கு, ஆனா விலைல ஏகப்பட்ட வித்தியாசம். கம்மி விலைக்காரர் "மூணையும் ஒரே ஐபில பாக்கலாம் சார், அதான் ஸ்டேக்கு"ங்கறாரு. நம்பலாமா?

பதில்: ஒரே ஐபில பாக்கலாம்னு அவர் சொல்றது பொய்யா இருக்காது, ஆனா அது ஸ்டேக் இல்ல. டி-லிங்க்ல சிங்கிள் ஐபி மேனேஜ்மென்ட்னு ஒண்ணு இருக்கு, சிஸ்கோல பழைய கிளஸ்டர் வசதி இருந்துச்சு, இதெல்லாம் ஒரு பேஜ்ல லாகின் பண்ணி எல்லா ஸ்விட்சையும் எட்டிப்பாக்கறதுக்கு, அவ்ளோதான். உள்ள ஒவ்வொண்ணும் தனித்தனி கான்ஃபிக் (செட்டிங்ஸ்), தனித்தனி மேக் டேபிள் (எந்த மெஷின் எந்த போர்ட்லன்னு ஸ்விட்ச் வெச்சுக்கற பட்டியல்). நிஜ ஸ்டேக்னா மூணு பெட்டியும் சேந்து ஒரே ஸ்விட்ச், ஒரே கான்ஃபிக், போர்ட் பேரே 1/0/1, 2/0/1, 3/0/1னு வரிசையா வரும். வெண்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: சர்வர்ல இருந்து ஒரு கேபிள் முதல் ஸ்விட்ச்சுக்கும் இன்னொண்ணு ரெண்டாவதுக்கும் போட்டு ரெண்டையும் ஒரே எல்ஏசிபி குரூப்பா (ரெண்டு கேபிளும் சேந்து ஒரே லிங்க் மாதிரி) ஆக்க முடியுமா? அவர் இழுத்தா விட்டுடுங்க.

அடுத்து விலை. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9200எல் எடுத்தீங்கன்னா ஸ்டேக் கிட் தனி காசு, கிட்டுக்குள்ள ரெண்டு அடாப்டரும் ஒரு கேபிளும் வரும், அப்போ மூணு ஸ்விட்ச்சுக்கு மூணு கிட், ரிங் சுத்தி மூடறதுக்கு (கடைசி ஸ்விட்ச்ச திருப்பி முதலோட இணைக்கறதுக்கு) மூணு கேபிளும் சரியா இருக்கும். கொட்டேஷன்ல அந்த வரி இல்லன்னா பில்லு போட்டப்புறம் தான் ஞாபகம் வரும் அவங்களுக்கு, அதுக்கும் 18% ஜிஎஸ்டி. ரேக்ல ஸ்விட்ச்சுக்கு நடுவுல பேட்ச் பேனல் வைக்கறவரா இருந்தா 50 செமீ கேபிள் எட்டாது, 1 மீட்டர் கேளுங்க. அப்புறம் 9200ம் 9200எல்லும் ஒண்ணா ஸ்டேக் ஆகாது, பேருல ஒரு எழுத்து தானேன்னு அடுத்த வருஷம் நாலாவத மாத்தி வாங்கிடாதீங்க. அரூபா 2930எஃப், டி-லிங்க் டிஜிஎஸ்-1510 மாதிரி ஆளுங்க முன்னாடி இருக்கற எஸ்எஃப்பி பிளஸ் போர்ட்லயே (10 ஜிகாபிட் மாடியூல் சொருகற போர்ட்) ஸ்டேக் பண்ணிக்குவாங்க, கிட் செலவு மிச்சம், ஆனா பெட்டிக்கு ரெண்டு போர்ட் ரிங்குக்கே போயிடும், மேல ரூட்டருக்கோ மெயின் ஸ்விட்ச்சுக்கோ போற அப்லிங்க்குக்கு என்ன மிச்சம்னு எண்ணிப் பாத்துட்டு சரின்னு சொல்லுங்க.

இன்னொண்ணு, மூணும் ஒரே ரேக்ல இருந்தா மட்டும் ஸ்டேக் பண்ணுங்க. மாடிக்கு ஒண்ணுன்னா என் ஓட்டு வேண்டாம் தான். ஃபைபர் போட்டு பண்ண முடியற மாடல் இருக்கு, இருந்தாலும் ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு பொதுவா மொத்த ஸ்டேக்கும் சேந்து ரீபூட் ஆகும், மூணு மாடியும் ஒண்ணா படுத்துடும்.

கேள்வி: எங்ககிட்ட ரெண்டு சிஸ்கோ ஸ்விட்ச் ஸ்டேக்ல ஓடிட்டு இருந்துச்சு. அதே மாடல் செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கி, ஆன் பண்ணி, ஸ்டேக் கேபிள சொருகினேன். பழைய ரெண்டும் ரீபூட் ஆகி விலான் (ஒரே நெட்வொர்க்க தனித்தனியா பிரிச்சு வெச்ச செட்டிங்) எல்லாம் காணாம போச்சு. பீஸ் டிஃபெக்ட்டா, திருப்பிக் குடுத்துடவா?

பதில்: பீஸ் நல்லா தான் இருக்கு, திருப்பிக் குடுக்காதீங்க. ஓடிட்டு இருந்த ஸ்டேக்கோட ஓடிட்டு இருந்த இன்னொரு பெட்டிய சேத்தா, அதுங்கள பொறுத்தவரைக்கும் ரெண்டு ஸ்டேக் மோதுது, யாரு மெயின்னு எலக்‌ஷன் நடக்கும், தோத்தது ரீபூட் ஆகி ஜெயிச்சதோட கான்ஃபிக்க எடுத்துக்கும். பிரையாரிட்டி நம்பர் பெருசா இருக்கறது தான் ஜெயிக்கும், சிஸ்கோல அது 1ல இருந்து 15 வரைக்கும், டிஃபால்ட் 1. நீங்க பழசுல எதுவும் செட் பண்ணாம விட்டிருப்பீங்க, செகண்ட் ஹேண்ட் பெட்டிய பழைய ஓனர் 15ல வெச்சிருப்பாரு, கான்ஃபிக்க அழிச்சாலும் அந்த நம்பர் உள்ளயே இருக்கலாம். புதுசா வந்த மருமக மொத நாளே சாவிக்கொத்த வாங்கிட்ட மாதிரி ஆயிடுச்சு.

சரி பண்றதுக்கு: புதுச பவர் ஆஃப் பண்ணி கேபிள கழட்டுங்க, பழைய ரெண்டுல பேக்கப் கான்ஃபிக்க ஏத்துங்க (பேக்கப் இல்லன்னா விலான்லாம் கைல தான் அடிக்கணும், வேற வழி இல்ல). மெயினா இருக்க வேண்டியதுக்கு பிரையாரிட்டி 15, ரெண்டாவதுக்கு 14. புதுச தனியா ஆன் பண்ணி பழைய கான்ஃபிக்க அழிச்சு, பிரையாரிட்டிய 1ஆக்கி, ஐஓஎஸ் (சிஸ்கோ ஸ்விட்ச்சோட சாஃப்ட்வேர்) வெர்ஷன் பழசோட ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு ஆஃப் பண்ணுங்க. ஆஃப்ல இருக்கும்போதே ரெண்டு கேபிளும் சொருகி ரிங்க மூடுங்க, அப்புறம் தான் பவர். ரெண்டாவது கேபிள் எதுக்குன்னு சோம்பல் படாதீங்க, ரிங் இல்லாம சங்கிலியா விட்டா நடுவுல ஒண்ணு அறுந்தா ஸ்டேக் ரெண்டா பிரிஞ்சு ரெண்டு பக்கமும் ஒரே ஐபியோட நிக்கும், அன்னிக்கு எத பிங் பண்றோம்னே தெரியாது.

வெப் பேஜ்ல பண்றவங்களுக்கு: சிஸ்கோ சிபிஎஸ்350ல ஸ்டேக் பண்ண முடியற மாடல்னா அட்மினிஸ்ட்ரேஷன் மெனுக்குள்ள ஸ்டேக் மேனேஜ்மென்ட்னு இருக்கும், அங்க யூனிட் ஐடியும் எந்த போர்ட் ஸ்டேக்குக்குன்னும் குடுத்து ரீபூட் பண்ணணும். டி-லிங்க்ல பிரையாரிட்டி தலைகீழ், சின்ன நம்பர் தான் பெரியவர், சிஸ்கோ பழக்கத்துல பெருசா போட்டு விட்டுடாதீங்க.

கேள்வி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல சிஸ்கோ 2960-எக்ஸ் சீப்பா கிடைக்குது, ஸ்டேக்குக்கு எடுக்கலாமா?

பதில்: ஸ்பேர் எடுத்து வெச்சுக்க, லேப் போட எடுக்கலாம். பின்னாடி ஸ்டேக் மாடியூல் ஸ்லாட்ல மாடியூல் இருக்கா, கேபிள் தர்றாங்களான்னு பாருங்க, வெறும் மூடி தான் இருந்தா அது தனி செலவு. மாடல் பேரு கடைசில எல்எல்னு முடிஞ்சா லேன் லைட் (வசதி குறைச்ச சாஃப்ட்வேர்), அதுல ஸ்டேக்கே கிடையாது. 2960-எக்ஸ்ஆரோட சேராது, பழைய 2960-எஸ்ஸோட சேரும், ஆனா எட்டுக்கு பதில் நாலு பெட்டி தான், வேகமும் பாதி ஆயிடும். கடைலயே ஆன் பண்ணி கன்சோல் கேபிள் போட்டு, ஸ்டேக் கேபிள சொருகினா ஸ்டேக் போர்ட் ரெண்டும் அப் ஆகுதான்னு பாத்துட்டு காசு குடுங்க.