144 என்னும் எண்

அன்புள்ள ஐயா,

என் தாயார் 1942-ஆம் ஆண்டு தை மாதம் பிறந்தவர். பிரயாகையில் (அலகாபாத்தில்) 2025-இல் நடந்த மகா கும்பமேளாவுக்கு அழைத்துச் செல்லும்படி சென்ற ஐப்பசியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். மாசி மாதத்துக்கு இரயில் சீட்டும் எடுத்திருந்தேன். தை அமாவாசையன்று சங்கமத்தில் நேர்ந்த நெரிசலைப் பற்றிய செய்தி வந்ததும், அவரிடம் கேளாமலேயே பயணத்தை ரத்து செய்துவிட்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவிலிருந்து போய் வந்த ஒருவர் ஒரு சிறு செம்பில் கங்கை நீரைக் கொடுத்து, "இனி 144 வருஷம் கழித்துத்தான் இந்த யோகம்" என்று சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

அந்த 144 உண்மைதானா? 2017-இல் காவிரிக்கும் 2018-இல் தாமிரபரணிக்கும் நடந்த புஷ்கர விழாக்களிலும் இதே எண்ணைச் சொன்னதாக நினைவு. செம்பு நீரைத் தலையில் தெளித்துக்கொண்டால் நீராடியதாகுமா? 2028-இல் மகாமகத்துக்கு அழைத்துப் போனால் ஈடாகுமா? நான் செய்தது பிழையா என்பதையும் தயங்காமல் எழுதுங்கள்.

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பயணத்தை ரத்து செய்தது பிழையன்று; அம்மாவிடம் கேளாமல் ரத்து செய்தது பிழை. அதை அவரிடமே சொல்லிவிடுங்கள். எஞ்சிய கேள்விகளுக்குக் கணக்கும் வரலாறும் சேர்ந்து விடை தருகின்றன என்பதால் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

கும்பமேளாவின் காலத்தை முடிவு செய்வது குரு பகவான். ஹரித்வாரில் குரு கும்ப இராசியில் இருக்கும்போது. பிரயாகையில் அவர் ரிஷபத்திலும் கதிரவன் மகரத்திலும் இருக்கும்போது. நாசிக்கிலும் உஜ்ஜயினியிலும் அவர் சிம்மத்தில் இருக்கும்போது. குரு ஓர் இராசிக்கு ஓராண்டாகப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு சுற்று வருகிறார் என்பது நாம் பேச்சில் பழகிய கணக்கு. உண்மையில் வியாழன் கதிரவனைச் சுற்றி வர ஏறத்தாழ 11.86 ஆண்டுகளே ஆகின்றன. இது மேல்நாட்டுத் தொலைநோக்கி வந்து சொல்லித் தெரிந்த செய்தியன்று. 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு மகாயுகத்தில் குரு 3,64,220 சுற்றுகள் வருகிறார் என்கிறது சூரிய சித்தாந்தம். வகுத்துப் பார்த்தால் அதே 11.86 வருகிறது.

ஆகவே ஒவ்வொரு பன்னிரண்டு ஆண்டு முடிவிலும் குரு முன்பிருந்த இடத்தைவிட நான்கு பாகைக்குச் சற்று அதிகமாக முன்னே போயிருப்பார். பன்னிரண்டு பன்னிரண்டாண்டுகள், அதாவது 144 ஆண்டுகள் கழியும்போது அந்த இடைவெளி ஏறத்தாழ 50 பாகையாகிவிடும். ஓர் இராசியின் அகலம் 30 பாகைதான். இன்றைக்குச் சரியாக 144 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் குரு ஒன்றரை இராசிக்கு மேல் தள்ளி நிற்பார். "இதே யோகம் 144 ஆண்டுக்கு ஒருமுறை" என்று எவர் சொன்னாலும், வானத்தைப் பொறுத்தவரை அந்த எண்ணில்தான் அது அமையாது.

குரு பழைய இடத்துக்கு மிக அருகில் திரும்பி வரும் எண் 83. ஏழு சுற்றுகள் முடிய 83 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு பாகை அளவே வேறுபாடு. இதற்கு ஹரித்வாரே சாட்சி. அங்கே 1915, 1927 எனப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் வந்த கும்பம், குரு முந்திக்கொண்டதால் அடுத்து 1938-இல், பதினோராவது ஆண்டிலேயே வந்தது. பிறகு வழக்கமான இடைவெளியில் 2010 வரை வந்து, மறுபடியும் பதினோராவது ஆண்டில், 2021-இல் வந்தது. 1927-க்கும் 2010-க்கும் இடையில் 83. 1938-க்கும் 2021-க்கும் இடையில் 83. (2021-இல் பதினோராம் ஆண்டிலேயே நடத்துகிறார்களே என்று சிலர் குறைப்பட்டதை நான் கேட்டிருக்கிறேன். பஞ்சாங்கக்காரர்கள் சரியாகத்தான் கணித்திருந்தார்கள்.)

இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் தங்கள் தாயாரின் பிறந்த ஆண்டைக் கவனித்தேன். 1942 தை மாதத்தில் பிரயாகையில் கும்பமேளா நடந்துகொண்டிருந்தது. 2025-இலிருந்து 83-ஐக் கழித்தால் 1942. அதாவது, அவர் பிறந்தபோது குரு ரிஷபத்தில் எங்கே நின்றாரோ, ஏழு சுற்றுகள் முடித்து, 2025 தை மாதத்தில் கிட்டத்தட்ட அங்கேயே வந்து நின்றார். இதனால் புண்ணியம் கூடும் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் தெருக்காரர் கொண்டுவந்த எண்ணைவிட இது மெய்யான எண், அம்மாவிடம் சொல்லலாம்.

அப்படியானால் 144 எங்கிருந்து வந்தது? அமுதக் கலசத்துக்காகத் தேவரும் அசுரரும் பன்னிரண்டு நாள் போரிட்டனர். தேவர்களின் ஒரு நாள் மனிதர்க்கு ஓராண்டு. ஆகவே பன்னிரண்டு கும்பங்கள், அவற்றில் நான்கு மண்ணுலகில், எட்டு பிற உலகங்களில் என்று துறவியரிடையே ஒரு விளக்கம் வழங்குகிறது. அதிலிருந்து ஒருபடி மேலே போய்ப் பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கியதுதான் இது. நம்பிக்கையாக ஏற்பவரோடு எனக்கு வழக்கில்லை. பாற்கடல் கடைந்த கதை மகாபாரதத்திலும் விஷ்ணு புராணத்திலும் பாகவதத்திலும் இருக்கிறது. அமுதத் துளிகள் நான்கு ஊர்களில் சிந்தின என்னும் பகுதியோ இம்மூன்றிலும் இல்லை. 1695-இல் பாரசீக மொழியில் எழுதப்பட்ட குலாசத்-உத்-தவாரிக் என்னும் நூல் ஹரித்வாரில் பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை கும்ப விழா கூடுவதைச் சொல்லிவிட்டு, பிரயாகைக்கு ஆண்டுதோறும் நடக்கும் மாக மாத விழாவையே குறிப்பிடுகிறது. பிரயாகை விழாவுக்குக் கும்பம் என்ற பெயர் 1860-களுக்கு முந்தைய ஆவணங்களில் கிடைப்பதில்லை என்று வரலாற்றாய்வாளர் காமா மெக்லீன் காட்டியிருக்கிறார். 2025-இலிருந்து 144-ஐக் கழித்தால் 1881. அன்றைய கும்பம் நடந்ததோ 1882-இல்.

காவிரி, தாமிரபரணி பற்றிய தங்கள் நினைவு சரியானது. வெவ்வேறு நதிகளுக்கு வெவ்வேறு சுழற்சி என்று அதற்குச் சமாதானம் சொல்ல முடியும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே பிரயாகையில் 2013-இல் நடந்த கும்பத்தையும் மகா கும்பம் என்றும் 144 ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்றும் சொன்னார்களே, அதற்கு என்ன சமாதானம்? 2019-இல் அர்த்த கும்பமாக (பாதிக் கும்பமாக) இருந்திருக்க வேண்டியதை அரசே கும்பம் என்று பெயர் மாற்றியது. கீழ்ப்படி ஏறினால் மேல்படியும் ஏறத்தானே வேண்டும்.

இதை வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. இனி வாய்க்காது என்ற சொல் எளியவர்களை எவ்வளவு வேகமாக வீட்டைவிட்டுக் கிளப்புகிறது என்பதை 2025-இல் பார்த்தோம். ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரையிலான 45 நாட்களில் 66 கோடிக்கும் மேற்பட்டோர் நீராடியதாக உத்தரப் பிரதேச அரசு கணக்குச் சொன்னது. ஜனவரி 29-ஆம் நாள் நெரிசலில் 30 பேர் இறந்ததாக முதலில் அறிவித்தார்கள். பிப்ரவரி 15-இல் புது தில்லி இரயில் நிலையத்தில், பிரயாகை செல்லக் காத்திருந்த கூட்டத்தில் 18 பேர் மிதிபட்டு மாண்டார்கள். 1954 பிப்ரவரி 3-இல் பிரயாகையில் நூற்றுக்கணக்கானோரும், 2013 பிப்ரவரி 10-இல் அலகாபாத் இரயில் நிலையத்தில் 36 பேரும் இறந்த நாட்கள் இரண்டும், 2025 ஜனவரி 29-ஐப் போலவே, தை அமாவாசை நாட்கள். அங்கே மௌனி அமாவாசை என்பார்கள். நதி நாற்பது நாளுக்கு மேல் காத்திருக்க, கூட்டம் ஒரே இரவில், ஒரே முனையில், ஒரு முகூர்த்தத்துக்காகத் திரள்கிறது. எண்பத்து மூன்று வயதுத் தாயாரை அந்த மாதத்தில் அங்கே கொண்டுபோகாததற்கு நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

கும்பம் இல்லாத ஆண்டுகளில் சங்கமம் சும்மா கிடப்பதாக நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். கும்பத்தைவிடப் பழையது மாக நீராடல். மாக மாதத்தில் பத்தாயிரம் தீர்த்தங்களும் மேலும் மூன்று கோடித் தீர்த்தங்களும் பிரயாகையில் கூடுகின்றன என்று மகாபாரதத்தின் அனுசாசன பர்வம் சொல்கிறது. எந்த ஆண்டு மாகம் என்று அது நிபந்தனை விதிக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும், ஏறத்தாழ நம் தை மாதத்தில், வெள்ளம் வடிந்த மணற்பரப்பில் கூடாரமடித்துக் கல்பவாசிகள் ஒரு மாதம் தங்குகிறார்கள். பெரும்பாலோர் கிராமத்து முதியவர்கள். விடியுமுன் குளிர்ந்த நீரில் முழுக்கு, ஒருவேளை உணவு, தரையில் படுக்கை, மாலையில் கதை கேட்டல். தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் இப்படி வருவதாக நோன்பு ஏற்பவர்களும் உண்டு. விழாவின் உயிர் அவர்களிடம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. படக்கருவிகள் அகாடா என்னும் மடங்களைச் சேர்ந்த, நீறு பூசிய துறவியரின் ஊர்வலத்தை விட்டு அந்தப் பக்கம் திரும்புவது அரிது.

2028 மாசியில் குரு சிம்மத்தில் இருக்க, சந்திரன் மக நட்சத்திரத்தில் சேரும், கும்பகோணத்தில் மகாமகம். அப்போது அம்மாவுக்கு 86 வயது. கங்கையும் யமுனையும் சரசுவதியும் காவிரியோடும் குமரியோடும் குடந்தையில் வந்து சூழ்வதை ஏழாம் நூற்றாண்டிலேயே அப்பர் பாடியிருக்கிறார் என்பதால், தென்னாட்டுக்காரருக்கு இது வடக்கின் ஈடாக வந்த விழா என்று கருதத் தேவையில்லை. ஆனால் மகத்தன்றே குளத்தில் இறங்க வேண்டும் என்று பிடிவாதம் கொள்ளாதீர்கள். 1992-இல் அந்தக் குளக்கரையிலேயே நாற்பதுக்கும் மேற்பட்டோர் நெரிசலில் இறந்தார்கள். கொடியேற்றம் தொடங்கிப் பத்து நாள் விழா. முதல் சில நாட்களில் ஒன்றில் அழைத்துப் போங்கள்.

செம்பு நீரைப் பூசையறையில் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் தெளித்துக்கொள்வதும் மரபில் உள்ளதுதான். அருந்தக் கொடுக்க வேண்டாம். மேளாக் காலத்தில் பல இடங்களில் மலக்கிருமிகளின் அளவு குளிப்பதற்கான வரம்பையே மீறியிருந்ததாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்திடம் அறிக்கை அளித்திருக்கிறது.

2028 வரை காத்திருக்கவும் வேண்டாம். ஐப்பசி முழுவதும் மயிலாடுதுறையில் துலா நீராடல். மக்கள் தன்னிடம் விட்டுச்சென்ற பாவங்களைக் கழுவிக்கொள்ளக் கங்கையே அந்த மாதத்தில் காவிரிக்கு வருகிறாள் என்கிறது தலபுராணம். கடைசி நாளான கடைமுகத்தன்று நீராட எண்ணிப் புறப்பட்ட கால் ஊனமுற்ற ஒருவர் வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்துவிட்டது. அவர் மனம் நொந்து நின்றபோது, ஐப்பசியில் ஆடியவர்க்குரிய பயன் முழுவதும் அன்றும் உண்டு என்று இறைவன் அருளினார். அதனால் கார்த்திகை முதல் நாளுக்கு அங்கே முடவன் முழுக்கு என்று பெயர். நேரம் தவறி வருபவர்களுக்கென்றே பஞ்சாங்கத்தில் ஒரு நாள். காவிரியில் நீர் வரத்து இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, அன்று காலையில் அம்மாவைத் துலாக் கட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கடைமுகத்தின் கூட்டம் வடிந்திருக்கும். கையைப் பிடித்துப் படியில் நிதானமாக இறக்க இடமிருக்கும். இந்த முறை, சீட்டு எடுப்பதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.