விதைப் பொட்டலத்தில் வந்த குளவி - கடிதம்

அன்புள்ள ஐயா,
கோத்தகிரியில் எங்கள் தோட்டத்து ஓரம் நடலாம் என்று ஆன்லைனில் டக்ளஸ் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் விதை வரவழைத்தேன். பொட்டலத்துக்குள் மஞ்சளாக ஒரு பூச்சி செத்துக் கிடக்கிறது, பின்னால் நீளமான ஊசி. சில விதைகளில் ஓட்டை. மீதியை எப்படி முளைக்க வைப்பது? படம் இணைத்திருக்கிறேன்.

தம்பி,
முளைக்க வைப்பதெல்லாம் பெரிய வித்தை இல்லை, ஈர மணலில் கலந்து மூன்று வாரம் ஃபிரிட்ஜில் வைப்பார்கள். நீங்கள் வைக்க வேண்டாம்.

படத்தில் இருப்பது மெகாஸ்டிக்மஸ் குளவி போலத்தான் தெரிகிறது. வட அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துக் காடுகள் அதன் ஊர். டக்ளஸ் மரத்தின் விதைக் கூம்பு பச்சையாக இருக்கும்போதே பெண் குளவி செதிலுக்குள் அந்த ஊசியை இறக்கி இளம் விதையில் முட்டை வைக்கும். ஒரு விதைக்கு ஒரு புழு. கருவுறாத விதையை மரம் வழக்கமாகச் சூம்ப விட்டுவிடும். உள்ளே இந்தப் புழு இருந்தால் சொந்தப் பிள்ளை என்று நம்பி அதற்கும் சத்து அனுப்பிக்கொண்டே இருக்கும். பாவம் அந்த மரம்.

வெளியே ஒரு அடையாளமும் தெரியாது, எக்ஸ்ரே எடுத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஓட்டை விழுந்த விதையில் குளவி வெளியே போய்விட்டது, அதை விடுங்கள். ஓட்டை இல்லாததுதான் வம்பு. சில புழுக்கள் ஒரு வருஷம், இரண்டு வருஷம், அதற்கு மேலும் உள்ளேயே உறங்கும். ஐரோப்பாவுக்கு அது போய்ச் சேர்ந்ததே நடுவதற்கு வாங்கிய விதைக்குள் உட்கார்ந்துதான்.

இங்கே டக்ளஸ் கூம்பு ஏது, வந்த குளவி பட்டினியில் சாகும் என்பீர்கள். சாகும். ஆனால் நீங்கள் நடப்போவது அந்த மரத்தைத்தானே?

எமரால்டு பக்கம் எங்கள் சித்தப்பா நிலத்தை ஒட்டிய புல்வெளியில் சீகை ஏறிவிட்டது. சீகைக்காய் இல்லை, வாட்டில் மரம். தோல் பதனிடும் பட்டைக்கென்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம். வெட்டினார், வேரைத் தோண்டினார், கடைசியில் தீ வைத்தார். அடுத்த மழைக்குக் கால் வைக்க இடமில்லாமல் சீகைக் கன்று. மண்ணுக்குள் எத்தனையோ வருஷம் கிடந்த விதைகள், சூடு பட்டதும் கிளம்பிவிட்டன. மனுஷன் வரப்பில் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு என்னைத் திட்டினார். நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியாது.

நட வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. அதற்காக, இறக்குமதி பெர்மிட்டும், பூச்சி நோய் இல்லை என்ற பயிர்நலச் சான்றிதழும் இல்லாமல் வெளிநாட்டு விதையைத் தபாலில் வாங்குவதா? படித்த பிள்ளைதானே நீங்கள்! பொட்டலத்தை இனிப் பிரிக்காமல் அப்படியே அடுப்பில் போடுங்கள். குப்பையில் வேண்டாம். அப்புறம், பக்கத்து நாற்றங்காலில் நம் மலைக்கே உரிய சோலை மரக் கன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள்.