பால் கேனில் புதைத்த காகிதங்கள்

அன்புள்ள ஐயா,
ஐரோப்பாவில் யூத வெறுப்பின் வரலாற்றை ஆராய விரும்புகிறேன். எந்தக் காப்பகங்களிலிருந்து தொடங்கலாம்? நடுநிலை வேண்டும் என்பதால் ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ நூலையும் தரவிறக்கி வைத்திருக்கிறேன்.
– ஒரு முதுகலை மாணவர்

அன்புள்ள நண்பருக்கு,

லண்டனின் வீனர் நூலகம், எருசலேமின் யாத் வஷேம், நியூயார்க்கின் யீவோ ஆகிய மூன்றின் பட்டியல்களும் இணையத்தில் கிடைக்கின்றன, தேடிக்கொள்ளுங்கள். நடுநிலை என்ற சொல்லை மட்டும் இவ்வளவு மலிவாக்காதீர்கள். யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகக் கதைகட்டி 1903இல் ரஷ்யாவில் அச்சேறிய அந்த ‘நெறிமுறைகள்’, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைச் சாடி மொரீஸ் ஜோலி 1864இல் எழுதிய நூலிலிருந்து பத்தி பத்தியாக உருவப்பட்டவை என்பதை லண்டன் டைம்ஸ் நாளிதழ் 1921இலேயே அம்பலப்படுத்திவிட்டது. நிலத் தகராறில் போலிப் பத்திரத்தை ஒரு தரப்பு என்று எவரும் கொள்வதில்லை. அது தடயப் பொருள்.

இதே நூலின் நகலை இருபத்திரண்டு வயதில் அடிக்கோடிட்டுப் படித்து, தேநீர்க்கடையில் நாலு பேருக்கு விளக்கவும் செய்தவன் நான். பத்திர எழுத்தராக இருந்த என் தந்தை அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எழுதினது யாரு, சாட்சி போட்டது யாரு?” என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்று பட்ட வெட்கம்தான் இன்று உங்கள்மேல் கோபமாக வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அசலான ஆவணத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். 1475இல் இன்றைய இத்தாலியின் ட்ரெண்ட் நகரில் சைமன் என்ற குழந்தை இறந்தபோது, அவ்வூர் யூதர்களைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சித்திரவதை செய்து, சடங்குக்கு வேண்டிய ரத்தத்துக்காகக் கொன்றோம் என்று சொல்லவைத்தார்கள். எழுத்தர்கள் அதை முறையாகப் பதிந்தார்கள். கையெழுத்துப்படி அசல், வாக்குமூலம் பொய். அக்குழந்தையைப் புனிதராக வணங்கிய வழிபாட்டைக் கத்தோலிக்கத் திருச்சபை 1965இல்தான் நீக்கியது.

நடுக்கால வார்சா யூதர்களை ஆராய்ந்து முனைவரான எம்மானுவேல் ரிங்கல்ப்ளூமுக்கு, வதைத்தவர்களின் ஏடுகள் மட்டுமே எஞ்சினால் என்ன ஆகும் என்பது தெரிந்திருக்க வேண்டும். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் அவர் திரட்டிய குழு, சனிக்கிழமைகளில் கூடியதால் ‘ஓனெக் ஷப்பாத்’ (ஓய்வுநாளின் மகிழ்ச்சி) என்று பெயர் பெற்றது. நாட்குறிப்புகளோடு டிராம் சீட்டு, மிட்டாய்த் தாள், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை என எல்லாவற்றையும் சேர்த்தார்கள். 1942 ஆகஸ்டில் பத்துத் தகரப் பெட்டிகளிலும், அடுத்த ஆண்டு இரண்டு பால் கேன்களிலும் வைத்து மண்ணில் புதைத்தார்கள். ரிங்கல்ப்ளூம் 1944இல் கொல்லப்பட்டார். குழுவில் பிழைத்த மூவரில் ஒருவரான ஹெர்ஷ் வாசர் வழிகாட்ட, 1946இல் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து பெட்டிகளை எடுத்தபோது உள்ளே தண்ணீர் புகுந்திருந்தது. கேன்கள் 1950இல் கிடைத்தன. மூன்றாவதாகப் புதைத்த பகுதி இன்றுவரை அகப்படவில்லை.

தரவிறக்கியதை அழிக்க வேண்டாம். ஜோலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். அதற்கு முன், அந்தப் பள்ளிப் பிள்ளைகளில் ஒருவர் எழுதிய கட்டுரையையாவது தேடிப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.